முதலில் ஆர்மி நம்பர், அப்புறம்தான் விமானம்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரி என்று சொல்லும்படியான ஊர். என் தாத்தாவின் தம்பி, அதாவது அப்பாவுக்குச் சித்தப்பா, கல்யாணம் ஆகாமலேயே பட்டாளத்தில் இறந்துபோனார். "லடாக் பக்கம் போற பிளேன்ல போனான், மலையில விழுந்துட்டுது, உடம்பு கிடைக்கல." எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1968 என்கிறார் அப்பா. அவருக்கு அப்போது 15 வயது. 2024இல், கேரளத்துச் சிப்பாய் ஒருவரின் உடல் 56 வருடம் கழித்துப் பனியில் கிடைத்த செய்தியைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. இறந்தவரின் அக்கா, எங்கள் அத்தைப் பாட்டி, 81 வயதில் இன்னும் "அவனைச் சீனாக்காரன் பிடிச்சு வச்சிருக்கான்" என்றுதான் சொல்கிறார். வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ, நாலைந்து மணியார்டர் துண்டுகள், மடிப்பில் கிழிந்த ஒரு தந்தி இருக்கின்றன. எங்கே தொடங்குவது? உடல் கிடைக்க வாய்ப்பு உண்டா? பணம் ஏதும் வருமா என்றும் உறவில் சிலர் கேட்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் "1968", "லடாக்", "உடம்பு கிடைக்கல" என்று மூன்றையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் அந்த ஒரு விமானம்தான் நினைவுக்கு வரும். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றில் 24 வருடம் கிளார்க்காக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: விமானத்திலிருந்து தொடங்காதீர்கள், ஆளிலிருந்து தொடங்குங்கள். விபத்துக்கு ஒரு ஃபைல் இருக்கும், அது விமானப்படையிடம். சிப்பாய்க்கு வேறொரு ஃபைல், அது அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில். இரண்டாவதைத் திறக்கும் சாவி அவருடைய ஆர்மி நம்பர். அது கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் "விவரம் போதாது" என்றுதான் பதில் வரும். அப்படிப் பதில் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சரி, அந்த விமானத்தைப் பற்றித் தெளிவாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1968 பிப்ரவரி 7, புதன்கிழமை. சண்டிகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகப் புறப்பட்ட விமானப்படையின் ஆன்-12, வால் எண் பிஎல்-534. நான்கு இன்ஜின் கொண்ட ரஷ்யச் சரக்கு விமானம். உள்ளே 102 பேர். லே பக்கம் வானிலை மோசமாக இருந்ததால் விமானி திரும்ப முடிவு செய்தார். இமாசலப் பிரதேசத்தின் ரோதாங் கணவாய்ப் பக்கம் வந்தபோது ரேடியோ தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு 35 வருடம் ஒரு தகரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. 2003இல் மணாலி மலையேற்றப் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த குழு ஒன்று, லாஹோல் பகுதியில் சந்திரபாகா-13 சிகரத்துக்குப் போன இடத்தில், டாக்கா பனியாற்றில் ஒரு சிப்பாயின் உடலையும் விமானத்தின் சிதறல்களையும் பார்த்தது. அதன் பிறகு டோக்ரா ஸ்கவுட்ஸ் படையினர் பலமுறை ஏறித் தேடினார்கள். 2019 வரை ஐந்து உடல்கள். அந்த வருடம் இன்ஜின், புரொபெல்லர், காக்பிட் கதவு போன்ற பாகங்களும் கிடைத்தன. 2024 செப்டம்பர் கடைசியில் ஒரே தடவையில் இன்னும் நான்கு பேர். அதில் ஒருவர்தான் நீங்கள் செய்தியில் பார்த்த பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூர்க்காரர். விமானம் ஏறும்போது அவருக்கு வயது 22.

அந்த நால்வரைப் பற்றிய செய்தியில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒருவர் பயனியர் கோர், ஒருவர் மருத்துவப் படை, இலந்தூர்க்காரர் இஎம்இ, அதாவது வாகனம், கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு. அதாவது ஒரே பட்டாலியன் மொத்தமாக ஏறிய விமானம் அல்ல அது. அவரவர் யூனிட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பலதரப்பட்ட ஆட்கள் ஏறியது. எனவே உங்கள் சின்னத் தாத்தா எந்தப் பிரிவில் இருந்திருந்தாலும் அதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த வழித்தடத்தில் ஆன்-12 மட்டுமல்ல, பாக்கெட்டும் டகோட்டாவும்கூடப் பறந்துகொண்டிருந்த காலம் அது. "பிளேன் மலையில விழுந்தது" என்ற ஒரு வரியை நம்பி 102 பேரில் ஒருவர் என்று முடிவுகட்டிவிட முடியாது.

இப்போது டிரங்குப் பெட்டிக்கு வாருங்கள். நீங்கள் அலட்சியமாக "நாலைந்து மணியார்டர் துண்டுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் வேண்டும். பட்டாளத்துக்காரன் பணம் அனுப்பும்போது அந்தக் கூப்பனில் "அனுப்புநர்" இடத்தில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அதற்குக் கீழே "56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ" என்று எழுதுவது வழக்கம். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 என்றால் பெரும்பாலும் வடக்கு, மேற்கு எல்லைப் பக்கம். 99 என்றால் கிழக்கு, அஸ்ஸாம் பக்கம். கடைசி மணியார்டரில் 99 இருந்தால், லடாக் கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 56 இருந்தால் கதைக்கு ஒரு கால் முளைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ட முத்திரையில் தேதியும் இருக்கும். மங்கலாக இருந்தால் துண்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மை போனாலும் முத்திரை அழுத்திய பள்ளம் சில சமயம் தெரியும்.

போட்டோவில் தொப்பி அணிந்திருக்கிறாரா? பேட்ஜைப் பெரிதாக்கிப் பாருங்கள். யானை என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட், அதன் ரெக்கார்ட்ஸ் நீலகிரி வெலிங்டனில். குதிரையும் மின்னலும் என்றால் இஎம்இ, செகந்திராபாத். தடியில் சுற்றிய பாம்பு மருத்துவப் படை, லக்னோ. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. அவர்களைப் பட்டாளத்தில் "தம்பி" என்பார்கள், அத்தைப் பாட்டிக்கு அந்தச் சொல் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். பேட்ஜ் தெரியாவிட்டால் நம்பரே போதும். அதன் முதல் இலக்கங்களைப் பார்த்தே எந்தப் பிரிவு என்று பழைய கிளார்க் சொல்லிவிடுவார்.

நம்பர் கூப்பனில் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. கல்யாணம் ஆகாத சிப்பாய் இறந்தால் அம்மா அப்பாவுக்குப் பென்ஷன் வந்திருக்கும். கொள்ளுப்பாட்டி மாதா மாதம் சார்கருவூலத்துக்கோ போஸ்ட் ஆபீஸுக்கோ போய்க் கைநாட்டு வைத்த ஞாபகம் வீட்டில் யாருக்காவது இருக்கும். அலகாபாத்திலிருந்து வந்த பிபிஓ என்ற பென்ஷன் ஆர்டர் ஒரு தாள் கிடைத்தால் போதும். நம்பர், ரேங்க், ரெக்கார்ட் ஆபீஸ், எந்தக் காரணத்துக்காகப் பென்ஷன் என்பது எல்லாமே அதில் இருக்கும். சாமி படத்துக்குப் பின்னால், பழைய பத்திரக் கட்டில், பீரோவில் விரித்த பேப்பருக்குக் கீழே தேடிப் பாருங்கள். வேலூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒருநாள் நேரில் போங்கள். பழைய பதிவேடுகளைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை. நம் ஊர்ப் பெயரை ரெக்ரூட்டிங் ஆபீஸில் வடநாட்டுக் கிளார்க் எப்படி எழுதினாரோ அதுதான் கடைசிவரை அவர் பெயர். ஒருமுறை என் மேசைக்கு ராஜமாணிக்கம் என்பவரைப் பற்றி விசாரித்து ஒரு கடிதம் வந்தது. பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை என்று நானே பதில் தயார் செய்து அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, அதே குடும்பம் எப்படியோ நம்பரைத் தேடிப்பிடித்து மறுபடி எழுதியது. எடுத்துப் பார்த்தால் "ராஜ் மாணிக்" என்று இருக்கிறது. அந்த ஆறு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு, இன்றைக்கும் உறுத்தும். அதனால் நீங்கள் எழுதும்போது பெயரை நாலு விதமாக எழுதுங்கள், தகப்பனார் பெயரைக் கட்டாயம் போடுங்கள். மாவட்டம் "வட ஆற்காடு", மாநிலம் "மெட்ராஸ்" என்று பழைய பெயர்களையும் சேருங்கள். 1968இல் தமிழ்நாடு என்ற பெயரே அரசு ஆவணங்களில் இன்னும் ஏறவில்லை, அது 1969 ஜனவரியில்தான்.

வருடத்தை உறுதி செய்ய அத்தைப் பாட்டியிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பிரயோஜனம் இல்லை. வேறு மாதிரி கேளுங்கள். தந்தி வந்தது பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? அண்ணா இறப்பதற்கு முன்னாலா, அப்புறமா? அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. "பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, அண்ணா சாவுக்கு முந்தின வருஷம்" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தால் பிப்ரவரி 7க்கு அது பொருந்துகிறது. "ஆடிப்பெருக்கு நேரம்" என்று வந்தால் வேறு விபத்தைத் தேட வேண்டும். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள், வயதானவர்கள் நம் முகம் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள்.

தந்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. "காணவில்லை" என்று இருக்கிறதா, "இறந்தார்" என்று இருக்கிறதா? விமானம் கிடைக்காத விபத்தில் குடும்பத்துக்கு இரண்டு செய்தி வரும். முதலில் காணவில்லை என்று ஒன்று. விசாரணை முடிந்தபின் "இறந்ததாகக் கருதப்படுகிறார்" என்று இன்னொன்று. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஆன்-32 நினைவிருக்கும். அதில் இருந்த 29 பேரின் குடும்பங்களுக்கும் செப்டம்பரிலேயே இந்த இரண்டாவது கடிதம் போய்விட்டது. ஆனால் சிதறல்கள் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் இருப்பது தெரியவந்தது 2024 ஜனவரியில்தான். ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு தேதிகள் புழங்கினால் குழம்பாதீர்கள், இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

இனி எழுத வேண்டிய மனு. நம்பரும் பிரிவும் தெரிந்தபின் அந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு சாதாரணக் கடிதம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலேயே போடலாம். பதிலுக்கு 30 நாள். "ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்றெல்லாம் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தின் நகலைத் தரும், காரணம் சொல்லாது. கேட்க வேண்டியவை: அவருடைய ஷீட் ரோல் (பணி விவரத் தாள்), கிண்ட்ரட் ரோல் (உறவினர் விவரத் தாள்), இறப்பைப் பதிவு செய்த பார்ட் டூ ஆர்டர், லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் அவருடைய பதிவு இருக்கும் பக்கம். இந்தப் பெயர்களை அப்படியே போடுங்கள். "சர்வீஸ் விவரங்கள் அனைத்தும்" என்று கேட்டால் யாரும் எழுந்து போய்த் தேடமாட்டார்கள்.

"25 வருடம் ஆனதால் ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வரக்கூடும். பொய் இல்லை, பென்ஷன் இல்லாதவர்களின் ஃபைலை அந்தக் கெடுவுக்குப் பிறகு அழிப்பது விதிப்படி நடப்பதுதான். ஆனால் லாங் ரோலை அழிப்பதில்லை. அதில் ஆளுக்கு ஒரு பதிவு: நம்பர், பெயர், ஊர், சேர்ந்த நாள், படையை விட்டுப் போன நாள், எப்படிப் போனார் என்பது. முதல் பதில் "அழிந்துவிட்டது" என்றால் மனம் விட்டுப்போகாமல், லாங் ரோல் பக்கத்தை மட்டும் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் 30 நாள்தான் கெடு.

விமானப்படைக்கு இன்னொரு மனு. 7-2-1968, பிஎல்-534, பயணிகள் பட்டியலின் நகல் வேண்டும் என்று ஒரே வரி. தனிமை என்று ஏதாவது காரணம் காட்டி மறுத்தால் அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவை மேற்கோள் காட்டுங்கள். 20 வருடத்துக்கு முன் நடந்த சம்பவத்துக்கு, நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற-சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்பு ஆகிய மூன்றைத் தவிர மற்ற விலக்குகள் பொருந்தாது. முழுப் பட்டியல் தரத் தயங்கினால், உங்கள் சின்னத் தாத்தாவின் பெயர் இருக்கும் வரியை மட்டும் கேளுங்கள். பாரத் ரக்ஷக் இணையதளத்தில் ஆர்வலர்கள் தொகுத்த விமானப்படை இழப்புப் பட்டியலையும் பாருங்கள். ஆனால் அது விமான ஊழியர்களைத் தேடத்தான் உதவும், பின்னால் உட்கார்ந்துபோன சிப்பாயைத் தேட அல்ல. டெல்லி தேசியப் போர் நினைவகச் சுவரில் பெயர் இல்லையே என்று அப்பா வருத்தப்பட்டால், விபத்தில் இறந்தவர்களைப் பட்டாளம் பெரும்பாலும் "போர் இழப்பு" கணக்கில் சேர்ப்பதில்லை என்று சொல்லுங்கள். பெயர் அங்கே இல்லாததால் அவர் அந்த விமானத்தில் இல்லை என்று ஆகாது.

உடல் கேள்விக்கு வருகிறேன். அவர் அந்த விமானத்தில்தான் இருந்தார் என்று உறுதியானால், வாய்ப்பு இருக்கிறது, ஆனால் குறைவு. பனியாறு நின்ற இடத்தில் நிற்பதில்லை. உள்ளே வாங்கியதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கி, உருகும் இடத்தில் வெளியே தள்ளுகிறது. ஏறிப் பார்க்க முடிவது கோடை கடைசியிலிருந்து அக்டோபர் வரை, 16,000 அடி உயரம் வாக்கில், சில வாரங்கள்தான். நீங்களோ உங்கள் தம்பியோ அங்கே போய்த் தேடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது, உடல் கிடைத்தால் அடையாளம் தெரியும்படி தயாராக இருப்பது. 2013இல் கிடைத்த ஒருவரின் அடையாளம் தெரிந்தது கழுத்தில் இருந்த அடையாள வில்லையாலும், பையில் இருந்த இன்ஷூரன்ஸ் தாளாலும், வீட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்தாலும். எல்லாருக்கும் அப்படித் தாள் மிஞ்சியிருக்காது, அப்போது டிஎன்ஏதான். தந்தை வழி ஒய் குரோமோசோமுக்கு உங்கள் அப்பாவோ தம்பியோ போதும். தாய் வழிப் பரிசோதனைக்கு அத்தைப் பாட்டியோ அவருடைய பிள்ளைகளோ வேண்டும், உங்கள் அப்பாவின் ரத்தம் அதற்கு உதவாது. ஆகவே ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதும் கடிதத்தில், உயிரோடு இருக்கும் உறவினர் யார் யார், அவருக்கு என்ன முறை, இப்போதைய முகவரி, போன் எண் எல்லாம் எழுதி, மாதிரி தரத் தயார் என்று ஒரு பத்தி சேருங்கள். விஏஓ கையெழுத்துப் போட்ட வம்சாவளிப் பட்டியலையும் இணையுங்கள். 1968இல் அவர் கொடுத்த முகவரியில் இன்று யார் இருக்கிறார்கள் என்று பட்டாளத்துக்குத் தெரியாது.

பணம்: வராது. பென்ஷன் பெற்றோரோடு முடிந்தது, அண்ணன் மகனுக்கோ பேத்திக்கோ உரிமை இல்லை. "தியாகி பென்ஷன் வாங்கித் தருகிறேன், பத்தாயிரம் செலவாகும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அத்தைப் பாட்டியின் சீனாக்காரன் பேச்சைத் திருத்த அவசரப்படாதீர்கள். 35 வருடம் விமானத்தின் சுவடே இல்லாமல் இருந்ததில், எதிரி நாட்டில் இறங்கியிருக்கும், ஆட்கள் உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் இருந்தது. அது பைத்தியக்காரத்தனம் இல்லை. தகவல் சொல்ல யாரும் இல்லாத வீட்டில் வேறென்ன நினைப்பார்கள்? பதிவேட்டுப் பக்கம் கையில் வந்த பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டட்டும். திதி கொடுக்க நாள் தெரியாமல் இத்தனை வருடம் அமாவாசையில் கொடுத்துவந்திருந்தால், அதை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

தந்தியை இஸ்திரி போட்டு நீட்டாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். ஒரு நோட்டுக்கு நடுவில் நாலு நாள் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். மணியார்டர் கூப்பன்களையும் அப்படியே, முன்னும் பின்னும். நம்பர் தெரிந்துவிட்டால் மனுவின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். அத்தைப் பாட்டியிடம் பேசும்போது போனில் ரெக்கார்டரைப் போட்டுவிடுங்கள். சீனாக்காரன் கதையையும் முழுசாகச் சொல்லவிடுங்கள், அதன் நடுவில் எங்கேயாவது ஒரு யூனிட் பெயர் வந்து விழும்.